பொருநராற்றுப்படையின் யாழும் பர்மியச் சவுங்கும்: ஒரு கேள்வி

யாங்கூன் வாசகி எழுதியது

அனைவருக்கும் வணக்கம். யாங்கூனில் மருந்து மொத்த விற்பனைக் கடை ஒன்றில் கணக்கு எழுதி வருகிறேன், வயது 22. கடை மூடிய பிறகு கிடைக்கும் பொழுதெல்லாம் படிப்பதற்கும் பாட்டுக் கேட்பதற்குமே போய்விடுகிறது. சனிக்கிழமை மாலைகளில் பன்சோடான் தெருவின் பழைய புத்தகக் கடைகளைச் சுற்றி வராமல் எனக்கு அந்த வாரம் முடிவதில்லை. அங்கே பர்மிய நூல்களும் ஆங்கில நூல்களும்தான் கிடைக்கும் என்பதால், தமிழுக்குக் கைப்பேசியில் இறக்கி வைத்திருக்கும் மதுரைத் திட்டத்தின் மின்னூல்களையே நம்பியிருக்கிறேன். மின்சாரம் போய்விடும் இரவுகளில் கைப்பேசியின் வெளிச்சமே போதுமானதாக இருப்பது ஒரு வசதி.

இப்போது கையில் இருப்பது பத்துப்பாட்டில் ஒன்றான பொருநராற்றுப்படை. மொத்தம் 248 அடிகள்தாம் என்றாலும், தொடக்கத்தில் வரும் யாழ் வருணனையை விட்டு நகர எனக்கு மனமே வரவில்லை. முடத்தாமக்கண்ணியார் அந்தக் கருவியை உறுப்பு உறுப்பாகக் காட்டிக்கொண்டே போகிறார்: மானின் குளம்பு பதிந்த இடத்தைப் போல நடுவுயர்ந்து இருபுறமும் தாழ்ந்த பத்தல் என்னும் உடற்பகுதி, விளக்குச் சுடரின் நிறத்தில் இழுத்துப் போர்த்திய தோல், வளைக்குள் வாழும் நண்டின் கண்களைப் போலத் துளைகளை அடைத்து நிற்கும் ஆணிகள், எட்டாம் நாள் திங்களின் வடிவில் உள்நாக்கு இல்லாத வாய், 'பாம்பு அணந்தன்ன' நிமிர்ந்து நிற்கும் கரிய தண்டு, அந்தத் தண்டில் மாநிறத்துப் பெண்ணின் முன்கை வளையல்களைப் போல அடுக்கிக் கட்டிய திவவு என்னும் வார்க்கட்டு.

இந்த இடத்தில்தான் என் கேள்வி பிறந்தது. நாங்கள் குடியிருக்கும் கட்டடத்தின் மேல்மாடியில் பர்மியக் குடும்பம் ஒன்று இருக்கிறது. அவர்களுடைய மகள் சவுங் என்னும் பர்மிய நரம்புக் கருவியைப் பழகுகிறாள். ஒருநாள் அருகில் அமர்ந்து அதை நன்றாகப் பார்த்தேன். படகு போன்ற மர உடலின்மீது தோல் இறுகப் போர்த்தியிருந்தது. ஒரு முனையிலிருந்து தண்டு மேலெழும்பி, உட்பக்கமாக வளைந்து, நுனியில் அரசிலை வடிவில் முடிந்தது. அந்தத் தண்டைச் சுற்றிச் சிவப்பு நூற்கயிறுகள் ஒன்றன்கீழ் ஒன்றாகக் கட்டப்பட்டு, ஒவ்வொரு கட்டிலிருந்தும் ஒரு குஞ்சம் தொங்கிக்கொண்டிருந்தது. வளையலடுக்கு என்று புலவர் சொன்னதை அப்படியே கண்முன் வைத்தது போல இருந்தது. பிறகு பியே சாலையிலுள்ள தேசிய அருங்காட்சியகத்திற்குச் சென்று அங்கே வைத்திருக்கும் பழைய சவுங்குகளையும் பார்த்துவிட்டு வந்தேன்.

அன்று முதல் என் குறிப்பேட்டின் இடப்பக்கத்தில் பாட்டின் அடிகளையும், வலப்பக்கத்தில் சவுங்கின் அந்தந்த உறுப்பின் படத்தையும் எழுதி வரைந்து வருகிறேன். இரவில் வானொலியில் மகாகீதம் என்னும் பர்மியச் செவ்வியல் பாடல்கள் வந்தால் ஒலியைக் கூட்டி வைத்துவிட்டு அந்த அடிகளை மறுபடியும் படிக்கிறேன். வெள்ளிக்கிழமைகளில் கோயிலில் தேவாரம் பாடும் குழுவில் நானும் இருக்கிறேன். திருநீலகண்ட யாழ்ப்பாணர் சம்பந்தரின் பதிகங்களை யாழில் வாசித்து வந்தவர் என்பதைச் சிறு வயதிலிருந்தே கேட்டிருந்தும், அவர் கையில் இருந்தது எப்படிப்பட்ட கருவி என்று இதுவரை நான் எண்ணிப் பார்த்ததில்லை. இப்போது அதை எண்ணாமல் பாட முடிவதில்லை.

ஞாயிற்றுக்கிழமைகளில் கோயிலில் நடக்கும் தமிழ் வகுப்பில் சிறு பிள்ளைகளுக்கு எழுத்துச் சொல்லிக் கொடுக்க உதவி வருகிறேன். அவர்களுக்கு இந்தப் பகுதியைப் படித்துக் காட்டவும், மேல்மாடிப் பெண்ணைச் சவுங்கோடு அழைத்து வரவும் ஆசையாக இருக்கிறது, அவளும் சம்மதித்துவிட்டாள். ஆனால் பிள்ளைகளிடம் என்னவென்று சொல்வது? 'இதுதான் யாழ்' என்று சொல்லலாமா? சொல்லக் கூடாதென்றால், எந்த அளவுக்குச் சொன்னால் உண்மையாக இருக்கும்? இதற்கு அடுத்ததாக எதைப் படித்தால் இந்த யாழைப் பற்றி இன்னும் தெளிவாக அறியலாம் என்பதையும் பெரியவர்கள் சொல்லி உதவ வேண்டுகிறேன்.

தன்லின் ஆசிரியர் எழுதியது

மகளே, உன் கடிதத்தைப் படித்ததும் எனக்கு உண்டான மகிழ்ச்சியை முதலில் சொல்லிவிடுகிறேன். 1960களில் தனியார் பள்ளிகள் அரசுடைமையான பிறகு, இந்த நாட்டில் தமிழ் படிப்பென்பது கோயில் மண்டபத்துக்குள்ளும் வீட்டுத் திண்ணையிலுமாக ஒடுங்கிவிட்டது. அரிச்சுவடியைக் கடந்து ஆத்திசூடிக்கு வரும் பிள்ளைகளே குறைவு. பத்துப்பாட்டை ஒருத்தி தானாகவே எடுத்துப் படிக்கிறாள் என்பதைக் கேட்க எத்தனை ஆண்டுகளாகக் காத்திருந்தோம் தெரியுமா!

யாழைப் பற்றித் தெளிவு வேண்டுமென்றால், நீ அடுத்ததாகப் படிக்க வேண்டியது பெரும்பாணாற்றுப்படை. கடியலூர் உருத்திரங்கண்ணனார் காஞ்சியை ஆண்ட இளந்திரையனைப் பாடிய இந்த 500 அடிப் பாட்டின் தொடக்கமும் யாழ் வருணனைதான். பொருநராற்றுப்படை சொல்லாத ஒரு செய்தி அங்கே இருக்கிறது. திவவைப் பற்றிச் சொல்லும்போது அது 'மெலிந்து வீங்கு திவவு' என்கிறார் புலவர். நெகிழ வேண்டிய இடத்தில் நெகிழ்ந்தும் இறுக வேண்டிய இடத்தில் இறுகியும் இருக்கும் கட்டு என்பது பொருள். பெண்ணின் வளையலோடு ஒப்பிடுவதை இரண்டு புலவர்களும் செய்கிறார்கள். ஆனால் அந்தக் கட்டு என்ன வேலை செய்கிறது என்பதை இந்த ஒரு தொடர்தான் நமக்குக் காட்டிக் கொடுக்கிறது. சுருதி சேர்ப்பது அந்த வார்க்கட்டைக் கொண்டுதான் என்று நான் கொள்கிறேன். சவுங்கில் அந்தச் சிவப்புக் கயிறுகளுக்கு என்ன வேலை என்று மேல்மாடிப் பெண்ணிடம் கேட்டுப் பார், பாட்டு விளங்கிவிடும்.

அதே பாட்டில் இன்னும் கொஞ்சம் தள்ளி, முல்லை நிலத்து இடையன் ஒருவன் வருவான். குழலில் பாலைப்பண் வாசித்து அலுத்துப்போன பிறகு, உள்ளே துளையுள்ள குமிழ மரக் கொம்பை வளைத்து, மரல் நாரைத் திரித்து நரம்பாகக் கட்டி, வில்யாழ் ஒன்றைத் தானே செய்து குறிஞ்சிப்பண் வாசிக்கிறான். வண்டுகள் அந்த ஒலியைத் தம் இனத்தின் ஒலி என்று எண்ணிக் காது கொடுக்கின்றனவாம். பாணன் கையில் பொன் போன்ற நரம்புகளோடு இருக்கும் யாழும், மாடு மேய்ப்பவன் காட்டில் கட்டிக்கொண்ட யாழும் ஒரே பாட்டில் அடுத்தடுத்து வருவது எனக்கு மிகவும் பிடித்த இடம். வகுப்பில் பிள்ளைகளுக்கு முதலில் இந்த இடையனின் கதையையே சொல். ஒரு மூங்கிற் குச்சியும் நூலும் இருந்தால் அவர்களே ஒன்றைக் கட்டிப் பார்த்துவிடுவார்கள்.

உரையைத் தவறாமல் சேர்த்துப் படிக்க வேண்டும். பத்துப்பாட்டை 1889இல் உ.வே. சாமிநாதையர் நச்சினார்க்கினியர் உரையோடு பதிப்பித்தார். தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் நூலகத்தில் உரையோடு படிக்கலாம். பொருநராற்றுப்படையில் யாழின் வடிவத்தைச் சொல்லி முடித்தவுடன், வாரியும் வடித்தும் உந்தியும் உறழ்ந்தும் என்று வாசிக்கும் முறைகள் நான்கு வருகின்றன அல்லவா? சிலப்பதிகார உரைக்காரர்கள் இந்தத் தொழில்களை விளக்கும்போது, வார்தல் என்பது சுட்டுவிரலின் தொழில் என்றும், வடித்தல் என்பது சுட்டுவிரலையும் பெருவிரலையும் கூட்டி நரம்பை உள்ளும் புறமுமாக ஆராய்வது என்றும் எழுதியிருக்கிறார்கள். சவுங் வாசிப்பவரின் வலக்கையில் எந்த விரல்கள் இயங்குகின்றன என்பதை நீ நேரில் பார்க்கலாம். நான் பார்த்திருக்கிறேன், அதனால்தான் சொல்கிறேன்.

சிலப்பதிகாரத்தை இப்போதைக்கு முழுவதும் தொட வேண்டாம். கானல்வரியை மட்டும் எடுத்துக்கொள். சித்திரத் துணியுறையிலிருந்து யாழை எடுத்து, பண்ணல், பரிவட்டணை, ஆராய்தல், தைவரல், செலவு, விளையாட்டு, கையூழ், குறும்போக்கு என்று எட்டு வகையாக மாதவி அதில் இசை எழுப்பிய பிறகே அதைக் கோவலனிடம் நீட்டுகிறாள். அந்த எட்டையும் வாய்விட்டுப் படி, வேகமாகப் படிக்காதே. அரங்கேற்று காதையில் யாழாசிரியனைப் பற்றிய பகுதி கடினமானது. அதை அடுத்த மழைக்காலத்துக்கு வைத்துக்கொள்ளலாம். சுவாமி விபுலாநந்தரின் யாழ் நூலையும் உடனே தொடாதே. காரைதீவில் பிறந்த அந்தப் பெருந்தகை பல ஆண்டுகள் உழைத்து ஆராய்ந்து 1947இல் வெளியிட்ட நூல் அது. கணக்கும் இசையிலக்கணமும் நிறைந்தது. பாட்டுகளை நன்றாகப் படித்து முடித்தவர்களுக்கே அது கைகொடுக்கும்.

'இதுதான் யாழ்' என்று சொல்லலாமா என்ற கேள்விக்கு நான் 'சொல்' என்றே பதில் எழுத நினைத்தேன். பிள்ளைகள் மனத்தில் ஓர் உருவம் பதிய வேண்டும். உருவம் இல்லாமல் பாட்டு நிற்காது. மற்றவர்கள் என்ன சொல்கிறார்கள் என்று பார்ப்போம்.

சவுங் பழகுபவன் எழுதியது

தங்கச்சி, வணக்கம். ஐயா கேட்கச் சொன்ன கேள்விக்கு நான் பதில் சொல்லலாம் என்று நினைக்கிறேன், ஏனென்றால் பர்மிய ஆசிரியர் ஒருவரிடம் சில ஆண்டுகளாகச் சவுங் கற்று வருகிறேன். தமிழ் இலக்கியத்தில் எனக்குப் பெரிய பயிற்சி இல்லை. கருவியைப் பற்றி மட்டும் எழுதுகிறேன்.

அந்தச் சிவப்புக் கயிறுகள் அழகுக்காக மட்டும் கட்டியவை அல்ல. ஒவ்வொரு நரம்பின் ஒரு முனையும் தோலின் நடுவே ஓடும் மரச்சட்டத்தில் கட்டப்பட்டிருக்கும். மறுமுனை தண்டைச் சுற்றியிருக்கும் கயிற்றில் கட்டப்பட்டிருக்கும். கயிற்றைத் தண்டின்மேல் முறுக்கி நகர்த்தினால் நரம்பு இறுகும், தளர்த்தினால் நெகிழும். இதற்கு விரலில் வலிமையும் பொறுமையும் வேண்டும். மழைக்காலத்தில் தோலும் கயிறும் ஈரத்தை இழுத்துக்கொண்டு, சேர்த்து வைத்த சுருதியைக் கலைத்துவிடும். இப்போது வரும் கருவிகள் பலவற்றில் கயிற்றுக்குப் பதிலாக முறுக்காணிகள் பொருத்துகிறார்கள். மேல்மாடிப் பெண்ணின் சவுங்கில் கயிறு இருக்கிறது என்றால், அவள் வகுப்பில் பிள்ளைகளுக்கு முன்பாக ஒரே ஒரு நரம்பை நெகிழ்த்தி, பிறகு இறுக்கிக் காட்டட்டும். 'மெலிந்து வீங்கு' என்பதைக் கேட்டே தெரிந்துகொள்வார்கள்.

கருவியின் உடல் படாவ் மரத்தில் செய்யப்படுகிறது. பர்மியப் புத்தாண்டான திஞ்சான் பண்டிகைக் காலத்தில் முதல் மழை விழுந்ததும் ஊரெல்லாம் மஞ்சளாகப் பூத்து, ஒரே நாளில் உதிர்ந்துவிடும் அதே படாவ். நம் சங்கப் பாட்டுகளில் வரும் வேங்கை மரமும் இதுவும் ஒரே இனத்தின் இரு வகைகள் என்பதை நீ உன் குறிப்பேட்டில் எழுதிக்கொள்ளலாம். மேலே போர்த்துவது மான் தோல். வளைந்த தண்டு கருங்காலி இனத்து மரத்தின் வேரிலிருந்து எடுக்கப்படுகிறது. இயல்பாகவே வளைந்து வளர்ந்த வேரைத் தேடிப் பிடிக்க வேண்டும் என்பதால், நல்ல தண்டு கிடைப்பதுதான் கருவி செய்பவருக்குப் பெரும் பாடு. நரம்பு முன்பு பட்டு நூலாக இருந்தது. இப்போது பெரும்பாலும் நைலான்.

தரையில் அமர்ந்து உடற்பகுதியை மடியில் வைத்துக்கொள்வோம். தண்டு இடப்பக்கம் நிற்கும். வலக்கையின் பெருவிரலும் சுட்டுவிரலும் மீட்டும், ஐயா சொன்னது சரிதான். இடக்கைக்கும் வேலை உண்டு. நரம்புகள் ஐந்து சுரங்களை அடிப்படையாகக் கொண்டு சுருதி சேர்க்கப்படுகின்றன. அவற்றுக்கு இடைப்பட்ட சுரம் வேண்டும்போது, இடக்கைப் பெருவிரலின் நகத்தால் நரம்பை உட்புறமிருந்து அழுத்தி ஒலியை உயர்த்துவோம். இதைப் பழகுவதற்குள் நகம் படும் பாட்டைச் சொல்லி முடியாது. ஆனால் அந்த அழுத்தத்தில்தான் சவுங்கின் குழைவு முழுவதும் இருக்கிறது. வானொலியில் கேட்கும்போது ஒரு சுரம் மெல்ல எழுந்து மேலேறுவது போல உனக்குத் தோன்றும் இடம் அதுவே. பாடுபவர் சீ என்னும் சிறு தாளத்தையும் வா என்னும் மரக்கட்டையையும் தாமே தட்டிக்கொண்டு பாடுவார். அவற்றைத் தவிர வேறு துணை தேவையில்லை.

இன்றைய சவுங்கில் 16 நரம்புகள். முன்பு இத்தனை இல்லை. மியவதி மின்ஜி ஊ சா என்னும் அரசவைக் கலைஞர் நரம்புகளை 13ஆக உயர்த்தினார் என்றும், அவருக்குப் பின் வந்தவர்கள் மேலும் கூட்டினார்கள் என்றும் எங்கள் ஆசிரியர் சொல்வார். 1766இல் பிறந்து 1853 வரை வாழ்ந்த ஊ சா பெரும் புலவராகவும் இருந்தவர். சயாமின் அயுத்தயாவிலிருந்து வந்த பாடல்களைப் பர்மிய மரபுக்குள் கொண்டுவந்ததில் அவருக்குப் பெரும் பங்கு உண்டு. அவருடைய காலத்துப் பாடல்களைக் கேட்டுப் பார், தங்கச்சி. படிப்பின் இடையில் இருபது நிமிடம் அதற்கென்று ஒதுக்கினால் போதும். அந்த நேரத்தில் வேறு எதையும் செய்யாமல் கேட்க வேண்டும் என்பது மட்டும் என் வேண்டுகோள்.

மௌலமைன் வாசகர் எழுதியது

தங்கையின் கேள்வியையும் இருவரின் பதில்களையும் ஆர்வத்தோடு படித்தேன். ஐயா மேல் எனக்குள்ள மதிப்பு குறையாமலே ஒரு கருத்தில் மாறுபட விரும்புகிறேன். பிள்ளைகளிடம் 'இதுதான் யாழ்' என்று சொல்லக் கூடாது என்பது என் உறுதியான எண்ணம்.

வில் வடிவில் வளைந்த யாழ் தமிழ்நாட்டுக்கு மட்டும் உரிய கருவியாக இருந்ததில்லை. அமராவதிச் சிற்பங்களில் அது இருக்கிறது. நான்காம் நூற்றாண்டில் ஆண்ட சமுத்திரகுப்தர் தம் பொற்காசில் அதை மடியில் வைத்து மீட்டிக்கொண்டு அமர்ந்திருக்கிறார். பழைய எகிப்திலும் சுமேரியாவிலும் இதே வகைக் கருவிகள் இருந்தன. முதல் ஆயிரமாண்டின் இறுதிக்குள் இந்தியாவின் பெரும்பகுதியில் அது வழக்கொழிந்து, வீணை அந்த இடத்தைப் பிடித்தது. மத்தியப் பிரதேசத்தின் பர்தான் பாடகர்களிடமும், ஆப்கானிஸ்தானின் நூரிஸ்தான் மலைகளிலும் அதன் எளிய வகைகள் தங்கின. அரசவைக் கலையாக வளர்ந்து இன்றுவரை நிலைத்திருப்பது இந்த பர்மாவில்தான்.

இங்கே அதன் வரலாறும் மிகப் பழையது. பியே நகருக்கு அருகிலுள்ள ஸ்ரீக்ஷேத்திரத்தில், பாவ்பாவ்ஜி தூபியின் பக்கத்தில் கிடைத்த ஏழாம் நூற்றாண்டளவிலான சிற்பத்தில் அது செதுக்கப்பட்டிருக்கிறது. 802இல் பர்மாவின் பழைய மக்களான பியூ நாட்டார் சீனத்தின் தாங் அரசவைக்கு அனுப்பிய தூதுக் குழுவோடு 35 இசைக் கலைஞர்கள் சென்றதையும், அவர்கள் கொண்டு சென்ற கருவிகளையும் சீனர்கள் குறித்து வைத்திருக்கிறார்கள். பறவைத் தலை கொண்ட யாழ் ஒன்றுக்கு 14 நரம்புகள் இருந்தன என்றும், அதன்மேல் பாம்புத் தோல் போர்த்தியிருந்தது என்றும் அந்தக் குறிப்பில் இருக்கிறது. சிலப்பதிகார உரையில் பேரியாழுக்கு 21, மகரயாழுக்கு 19, சகோடயாழுக்கு 14, செங்கோட்டியாழுக்கு 7 என்று நரம்புகளின் எண்ணிக்கை சொல்லப்படுவதை ஐயா அறிவார். 14 என்ற எண்ணைக் கண்டதும் நானும் துள்ளினேன். ஆனால் எண் ஒத்துப்போவதைக் கொண்டு கருவி ஒன்றே என்று முடிவு கட்டிவிட முடியாது. இடையில் கடலும் பல நூற்றாண்டுகளும் இருக்கின்றன. இந்தியாவின் கிழக்குப் பகுதியிலிருந்து பௌத்தத்தோடு இந்தக் கருவி இங்கே வந்திருக்கலாம் என்பதே அறிஞர்கள் பலரின் கருத்து. நேராகத் தமிழகத்திலிருந்துதான் வந்தது என்பதற்குச் சான்று இல்லை.

தமிழர்களுக்கும் இந்த மண்ணுக்கும் பழைய தொடர்பு இல்லை என்று நான் சொல்லவில்லை. பகானில் கிடைத்த 13ஆம் நூற்றாண்டுக் கல்வெட்டில், சேர நாட்டு மகோதயர்பட்டினத்து வணிகர் ஒருவர் அங்கிருந்த நானாதேசி விண்ணகர் என்னும் திருமால் கோயிலுக்கு மண்டபமும் கதவும் விளக்கும் கொடுத்த செய்தி தமிழிலேயே எழுதப்பட்டிருக்கிறது. அப்படிச் சான்று இருக்கும் இடத்தில் நெஞ்சை நிமிர்த்திச் சொல்லுவோம். சவுங் என்பது பர்மியர்கள் ஆயிரமாண்டுக்கு மேலாக உயிரைக் கொடுத்துக் காத்து வளர்த்த கலை. அந்தப் பெண் தன் கருவியோடு நம் கோயிலுக்கு வந்து அமரும்போது, 'இது உண்மையில் எங்களுடையது' என்று பொருள்படும் ஒரு சொல் நம் வாயிலிருந்து வந்தால், அது அவளுக்கும் அவளுடைய ஆசிரியர்களுக்கும் நாம் செய்யும் அநீதி.

அப்படியானால் என்ன சொல்வது? யாழுக்கும் சவுங்குக்கும் உடலமைப்பு ஒன்று. யாழ் நம்மிடம் இல்லாமற் போய்விட்டது, சவுங் இவர்களிடம் இருக்கிறது. பாட்டில் வரும் யாழை மனக்கண்ணால் காண இன்று நமக்குக் கிடைக்கும் மிக நல்ல வழி சவுங். இவ்வளவும் உண்மை, இதைச் சொன்னாலே பிள்ளைகளுக்கு வேண்டிய உருவம் கிடைத்துவிடும். வேறுபாடுகளையும் காட்டலாம். நரம்பின் எண்ணிக்கை வேறு, பண்கள் வேறு. நகத்தால் அழுத்திச் சுரம் கூட்டும் வழக்கம் யாழிலும் இருந்ததா என்பதற்கு இந்தப் பாட்டுகளில் விடை இல்லை.

படிக்க ஒன்று நானும் சொல்கிறேன்: மலைபடுகடாம். அதன் முற்பகுதியில் கூத்தர்கள் தோளில் சுமந்து செல்லும் இசைக்கருவிகள் வரிசையாக வருகின்றன. வெண்கலத்தை உருக்கிச் செய்த பாண்டில் என்னும் தாளமும் அதில் ஒன்று. சவுங் கற்கும் தம்பி சொன்ன சீ என்ற தாளத்தைப் பார்த்தபோது எனக்கு அதுதான் நினைவுக்கு வந்தது.

யாங்கூன் வாசகி எழுதியது

மூவருக்கும் என் நெஞ்சார்ந்த நன்றி. மௌலமைன் அண்ணன் சொன்னதைப் படித்த பிறகு, எப்படிச் சொல்வது என்ற குழப்பம் எனக்கு இல்லை. யாழும் சவுங்கும் ஒரே குடும்பத்துக் கருவிகள் என்றும், ஒன்று மறைந்தது, மற்றொன்று இருக்கிறது என்றும் சொல்லப் போகிறேன். ஐயா மன்னிக்க வேண்டும்.

பெரும்பாணாற்றுப்படையைத் தொடங்கிவிட்டேன். இடையனின் வில்யாழ் வரும் அடிகளை முதலில் தேடிப் பிடித்துப் படித்தேன். வண்டுகள் ஏமாறும் இடத்தை மேல்மாடிப் பெண்ணுக்குப் பர்மிய மொழியில் சொன்னபோது, அவள் மறுபடியும் மறுபடியும் சொல்லச் சொல்லிக் கேட்டாள். அவளுடைய சவுங்கில் இருப்பது கயிறுதான். சவுங் பழகும் அண்ணன் சொன்னபடி ஒரு நரம்பை நெகிழ்த்தி இறுக்கிக் காட்ட ஒப்புக்கொண்டிருக்கிறாள். பொருநராற்றுப்படையில், வழிப்பறி செய்யும் கள்வர்களும் யாழின் பாலைப்பண்ணைக் கேட்டுப் படைக்கலத்தைக் கீழே போட்டு, மனத்தில் அருள் கொண்டவர்களாகிவிடுவார்கள் என்று வருகிறதே, அந்த இடத்தை அவளுக்குச் சொன்னதும் எதுவும் பேசாமல் கருவியை எடுத்து வாசிக்கத் தொடங்கிவிட்டாள்.

இன்னும் ஒரே ஓர் ஐயம். வகுப்பில் பாட்டை முதலில் படிப்பதா, இசையை முதலில் கேட்பதா? பிள்ளைகள் எட்டு முதல் பன்னிரண்டு வயதுக்குள் இருப்பவர்கள். சங்கத் தமிழ் அவர்களுக்குப் புரியாது.

தன்லின் ஆசிரியர் எழுதியது

மன்னிப்பு எதற்கு, மகளே? மௌலமைன்காரர் எழுதியதே முறை. நான் சொன்னதை விட்டுவிடு.

இசையை முதலில் வை. பிள்ளைகள் கருவியைச் சுற்றி அமர்ந்து தொட்டுப் பார்க்கட்டும். தோலையும் கயிற்றையும் தடவிப் பார்க்க அந்தப் பெண் அனுமதித்தால் நல்லது, முன்கூட்டியே கேட்டுக்கொள். அவள் ஒரு பாட்டை முழுதாக வாசித்து முடிக்கும்வரை நீ எதுவும் விளக்காதே. பிறகு பாட்டின் அடிகளை வாய்விட்டு, சீர் பிரித்து, நிதானமாகப் படி. ஒவ்வோர் உவமை வரும்போதும், 'இது கருவியில் எங்கே இருக்கிறது?' என்று கேட்டுக் கையை வைத்துக் காட்டச் சொல். பாம்பையும் வளையலையும் நண்டின் கண்ணையும் எட்டு வயதுப் பிள்ளை தானே கண்டுபிடித்துவிடும். அரும்பொருள் சொல்ல வேண்டியது பத்தலுக்கும் திவவுக்கும் மட்டும்தான்.

எல்லா உறுப்பையும் ஒரே நாளில் முடிக்க வேண்டாம். எங்கள் பக்கத்துப் பிள்ளைகள் சிலரையும் அழைத்துக்கொண்டு வர நினைக்கிறேன். தன்லினிலிருந்து பாலத்தைக் கடந்து வர நேரமாகும் என்பதால், வகுப்பைக் காலை பத்து மணிக்கு வைத்துக்கொள்ள முடியுமா என்று கோயிலில் கேட்டுச் சொல்.